அடித்தல் திருத்தல் இல்லாதவர்

திட்டத்தின் செயல்முறைக் குறிப்பில் ஒன்பதாவது விதி இப்படிச் சொல்கிறது: “இயந்திரம் வழங்கும் புள்ளியும் வகுப்பாசிரியர் வழங்கும் புள்ளியும் வேறுபடுமிடத்தில், மூன்றாவதாக ஒரு மனிதர் அவ்விடையை முழுமையாகப் படித்த பின்னரே புள்ளி வெளியிடப்பட வேண்டும்.”

நல்ல விதி. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ‘முழுமையாக’ என்ற சொல்லைச் சேர்த்ததற்காக அவருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்கலாம். பணியில் இருந்த காலத்தில் நான் படித்த விதிகளில் பாதி, யாரோ தவறு செய்த பிறகு அதை மூடுவதற்காக எழுதப்பட்டவை. இது தவறு நடப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. அதனால்தானோ என்னவோ, தவறு நடந்த அன்று யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சில தமிழ்ப்பள்ளிகளில், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அறிவியலுக்குச் சொந்த வாக்கியத்தில் எழுதும் விடைகளைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மதிப்பிட்டுப் பார்க்கும் திட்டம் அது. ஆனால் நான் எழுத வந்தது அந்தத் திட்டத்தின் தலைமைத் திருத்துநராக இருந்த ஓர் அறிவியல் வாத்தியாரைப் பற்றி. அவர் இப்போது இல்லை. பெயரை எழுதப் போவதில்லை. அச்சில் ஓர் எழுத்து பிசகினாலும், இருக்கும் இடத்திலேயே தவித்துப் போய்விடுவார்.

கல்வி தொடர்பான ஓர் அலுவலகத்தில் மதிப்பீட்டு மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிகள் நிரப்பி அனுப்பும் பாரங்கள் என் மேசையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். பாதியைத் திருப்பி அனுப்புவேன். கையெழுத்து விட்டுப்போயிருக்கும், கூட்டல் தப்பாயிருக்கும், வெள்ளை மை பூசி மேலே எழுதியிருப்பார்கள். இவருடைய பள்ளியிலிருந்து வரும் உறையை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே மேலே அனுப்பிவிடுவேன். ஒரு கீறல் இருக்காது. ஒரு சின்ன மைப்புள்ளி விழுந்துவிட்டதற்காக ஒரு மாத வருகைப் பதிவை முதலிலிருந்து வேறு தாளில் எழுதியவர் அவர் என்று அந்தப் பள்ளி அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் மரியாதையும் இல்லை, கேலியும் இல்லை. கொஞ்சம் பயம்தான் இருந்தது.

அவர் மகள் கல்யாணத்துக்கு அச்சடித்த பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாக விழுந்துவிட்டது. பேனாவால் திருத்திக் கொடுத்துவிடலாம் என்று அச்சகத்துக்காரர் சொல்லியிருக்கிறார். ஊரில் எல்லோரும் செய்வதுதான். இவர் மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னார்.

“ஒரு கோடு போட்டு மேல எழுதுனா கல்யாணம் நின்னுடுமான்னு கேட்டேன்ண்ணே,” என்றார் அவர் மனைவி, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தபடி. “மனுசன் புது பத்திரிகை வர்ற வரைக்கும் வாயத் தொறக்கல. பொண்ணு வேற, அப்பாவுக்கு மாப்பிள்ளையப் பிடிக்கலையோன்னு அழுவுது.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கல்யாணப் பத்திரிகைல அடிச்சித் திருத்துனா நல்லாவா இருக்கும்?” என்றார். அவ்வளவுதான்.

இது வெறும் குணக்கோளாறு என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் அவராகச் சொன்னார். தற்காலிக வாத்தியாராக ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேலதிகாரி வந்திருக்கிறார். பல பள்ளி வாத்தியார்கள் கூடியிருந்த இடத்தில், இவர் பள்ளித் தாளை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துத் தூக்கிக் காட்டினாராம். மை கலைந்து, அடித்து, மேலே எழுதி, அதையும் அடித்து வைத்திருந்த தாள். ஒன்றும் சொல்லவில்லையாம். காட்டிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டாராம்.

“அந்த ஆளு ஏதாச்சும் திட்டியிருந்தா மறந்திருப்பேன்ண்ணே,” என்றார். “வெரல தொடச்சான் பாருங்க.”

அதற்குப் பிறகு அவர் கையைத் தாண்டிப் போன எந்தத் தாளையும் யாரும் இரண்டு விரலால் தூக்கவில்லை.

விடைத்தாள் திருத்துவதிலும் அதே சுத்தம்தான். அடிக்கோலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து நகர்த்துவார். புள்ளியிடும் திட்டத்தில் உள்ள சொல் கண்ணில் பட்டதும் ஒரு சின்ன சரிக்குறி. இல்லையென்றால் சைபர். சைபரை ஒரே சுழியில், மேலே வாய் திறக்காமல், முட்டை மாதிரி போடுவார். சொற்களுக்கு நடுவில் பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் படித்ததாக எனக்குத் தோன்றியதில்லை. போட்ட புள்ளியை மாற்றியதும் இல்லை. பெற்றோர் சங்கத் தலைவர் வந்து கேட்டபோதும் இல்லை, சொந்தத் தங்கை மகன் ஒரு புள்ளியில் பின்தங்கியபோதும் இல்லை. அவர் நேர்மையை எல்லோரும் மெச்சினோம். அதில் பாதி நேர்மை, மீதிப் பாதி தாள் அழுக்காகிவிடுமே என்ற கவலை என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் போட்டதை அவர் கண்ணெதிரே அடித்து மாற்றத் துணிந்தவர் ஒரே ஒருவர். பாகான் டத்தோ தென்னந்தோப்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிறவர், திருத்தும் மண்டபத்திலும் அதே குரலில்தான் பேசுவார். இரண்டாம் திருத்துநராக இவர் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் நான் மேற்பார்வைக்காக அந்த மண்டபத்துக்குப் போவதுண்டு. ஒருமுறை டீச்சர் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

கேள்வி எளிமையானது. ஒரே அளவுள்ள இரண்டு ஈரத்துணிகள். ஒன்று வெயிலில், ஒன்று நிழலில். வெயிலில் போட்டது முதலில் காய்ந்தது. காரணம் என்ன? வெப்பம், ஆவியாதல் என்ற இரண்டு சொல்லும் விடையில் இருக்க வேண்டும். தெலுக் இந்தானிலிருந்து ஒரு பையன் வேறு ஏதோ எழுதியிருந்தான். ஆற்றங்கரையில் காற்று அடித்தால் நிழலில் போட்டதும் சீக்கிரம் காய்ந்துவிடும், படத்தில் காற்றைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று.

“சார், இதை முழுசா படிச்சீங்களா?”

“சொல்லு இருக்கான்னு பார்த்தேன் டீச்சர். இல்ல.”

“சொல்லு இல்ல சார். விசயம் இருக்கு. மத்தப் புள்ளைங்க எல்லாம் புத்தகத்தப் பார்த்து எழுதியிருக்கு, இவன் துணியப் பார்த்து எழுதியிருக்கான்.”

சொல்லிவிட்டு டீச்சர் சைபரை ஒரே இழுப்பில் அடித்து, இரண்டு என்று எழுதி, பக்கத்தில் கையொப்பமிட்டார். இரண்டாம் திருத்துநருக்கு அந்த அதிகாரம் உண்டு. கோடு கோணலாக, அடுத்த விடை வரைக்கும் ஓடிவிட்டது. வாத்தியார் அந்தத் தாளை வாங்கினார். மண்டபத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அடிக்கோலை வைத்து, டீச்சர் கிழித்த கோட்டின் மேலேயே இன்னொரு கோட்டை நேராக இழுத்தார்.

“கோடு நேராயிடுச்சு சார். புள்ளி அப்படியே இருக்கட்டுமா?” என்று டீச்சர் சிரித்தார்.

“புள்ளி உங்களோடது. கோடு என்னோடது.”

அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்துத்தான் இந்தத் திட்டம் வந்தது. பிள்ளைகள் கையால் எழுதும் விடையைப் படம் பிடித்து அனுப்பினால் இயந்திரம் படித்துப் புள்ளி போடும், ஏன் அந்தப் புள்ளி என்று ஒரு வரியில் காரணமும் சொல்லும். வகுப்பாசிரியர் அதைப் பார்த்து ஏற்கலாம், மறுக்கலாம். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. திருத்தும் மண்டபத்தில் சாயங்காலம் களைத்த பிறகு திருத்தும் தாள்களுக்கு என்ன கதி நேரும் என்று பார்த்தவன் நான். இயந்திரத்துக்கு இடுப்பு வலிக்காது, கோழிக்கிறுக்கல் கையெழுத்தைக் கண்டு கோபம் வராது.

ஆனால் எப்படிப் புள்ளி போடுவது என்று, திருத்திய தாள்களைக் காட்டி, அதற்கு யாராவது முதலில் சொல்லித்தர வேண்டும். திட்டச் செயலகம் வாத்தியாரிடம் வந்தது. பழைய பயிற்சித் தாள்கள், மாதிரித் தேர்வுத் தாள்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரிக்கு மேலே அடுக்கி வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். எல்லாத் தாளையும் கொடுங்கள், இரண்டு திருத்துநர்கள் ஒத்துப்போகாத தாள்களையும் சேர்த்து, என்று கேட்டிருந்தார்கள். அந்தத் தீபாவளிக்கு நான் அவர் வீட்டுக்குப் போனபோது நடுக்கூடத்தில் இரண்டு அடுக்கு இருந்தது. முறுக்குத் தட்டை வைக்கக்கூட இடமில்லை.

“இது போறது,” என்று பெரிய அடுக்கைக் காட்டினார். “அது வேணாம்.”

கிழிந்ததையும் பூச்சி அரித்ததையும் ஒதுக்குகிறார் என்று நினைத்தேன்.

முதல் பரிசோதனை முடிந்த வாரம், ஈப்போவில் நாங்கள் சனிக்கிழமை தோறும் உட்காரும் கோப்பிக்கடைக்கு அவர் வந்த நடையே வேறாக இருந்தது. சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“என்னைய மாதிரியே போடுதுண்ணே. அச்சு அசலு. நான் சைபர் போட்டா அதுவும் சைபர்.”

“அப்ப இனிமே உங்களுக்கு வேலையில்ல, வாத்தியாரே.”

“இருக்கட்டும்லா. நான் போனாலும் தரம் இருக்கும்.”

அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று பார்த்தேன்.

அடுத்த ஆண்டின் பிற்பகுதியில், அதே கடையில், அந்த டீச்சர் எங்கள் மேசை முன்னால் வந்து நின்றார். இப்போது அவர் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் அறிவியல் டீச்சர். தோட்டத்தில் ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து வெகுகாலமாகிறது, பள்ளி மட்டும் இருக்கிறது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“ஏன் சார் அந்தப் புள்ளைக்கு சைபர் போட்டீங்க?”

“எந்தப் பிள்ளை?”

“என் வகுப்புப் புள்ள. மெஷினு சைபர் போட்டிச்சி, நான் ரெண்டு போட்டு மறுத்தேன். மூணாவதா தலைமைத் திருத்துநர் பார்த்து சைபர்னு முடிவாயிடுச்சின்னு வந்திருக்கு. நீங்கதானே சார் தலைமைத் திருத்துநர்?”

“நான் எதையுமே பார்க்கலையே டீச்சர்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகுதான் அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, விவரம் சொன்னார். ஈப்போவில் ஓர் அறவாரியம் பெண்பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி, ஆய்வுக்கூடம் உள்ள நல்ல இடைநிலைப்பள்ளியில் படிக்கலாம். அறிவியலில் ‘மேல்நிலை’ என்ற தரம் பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த இரண்டு புள்ளி இல்லாமல் இந்தப் பிள்ளை ஒரு நிலை கீழே நிற்கிறது. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். தோட்டத்திலிருந்து தினமும் ஈப்போவுக்கு அனுப்ப வழியில்லை. விடுதி கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

“கேள்வி என்ன?” என்று வாத்தியார் கேட்டார்.

“ரெண்டு ஈரத்துணி சார்.”

அவர் கோப்பியைத் தள்ளி வைத்தார்.

திங்கட்கிழமை என் காரில் அந்தப் பள்ளிக்குப் போனோம். டீச்சர் விடையின் நகலை எடுத்து வைத்திருந்தார். வாத்தியார் அடிக்கோல் வைக்காமல் படிப்பதை அன்றுதான் பார்த்தேன். பிள்ளையின் விடை இதுதான்: ‘வெயில் காரணமாக இருக்கலாம். ஆனால் இரண்டு துணிக்கும் ஒரே காற்று அடித்ததா என்று படத்தில் இல்லை. அதனால் வெயில்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.’ கீழே இயந்திரத்தின் காரணம் ஒரு வரி: ‘எதிர்பார்க்கப்படும் கருத்து இல்லை. தொடர்பற்ற தகவல். தலைமைத் திருத்துநரின் தரத்துடன் ஒத்துப்போகிறது.’

பிள்ளையைக் கூப்பிட்டார்கள். ஒல்லியான பெண். யார் இவர்கள் என்ற பயத்தில் டீச்சர் பக்கமாக ஒட்டி நின்றது.

“காத்து பத்தி யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தாங்க?”

“யாரும் சொல்லல சார். எங்க வூட்டுப் பின்னால வெயிலே வராது. செம்பன மரம் மறைச்சிரும். ஆனா காத்து நல்லா அடிக்கும். அம்மா அங்கதான் யூனிஃபோர்ம் காயப் போடுவாங்க. முன்னால வெயில்ல போடுற கைலிக்கு முன்னாடி அது காஞ்சிரும்.”

“அப்ப வெயில் வேணாமா?”

“வேணும் சார். ஆனா எது காய வெச்சிச்சின்னு தெரியணும்னா மத்தது எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. படத்துல அப்படிப் போடலையே.” சற்று யோசித்துவிட்டு, “தப்பா சார்?” என்றது.

“தப்பில்லம்மா,” என்றார். மறுபடி சொன்னார்.

திரும்பி வரும்போது பெரிய ரோட்டை அடைவதற்கு முன்பே காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். பனைக்குலை ஏற்றிய லோரிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

“அடிச்சித் திருத்துன தாளு எதையுமே நான் குடுக்கலண்ணே.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“டீச்சர் மாத்துனது, மத்தவங்க மாத்துனது, எல்லாத்தையும் தனியா எடுத்து வெச்சிட்டேன். அசிங்கமா இருந்திச்சி. கோடும் கையெழுத்துமா. ஆப்பீஸ்ல பெரிய பெரிய ஆளுங்க பார்ப்பாங்க, தமிழ்ப்பள்ளித் தாளுன்னா இப்படித்தான்னு நினைச்சிருவாங்கன்னு...” நிறுத்தினார். “அந்தத் தெலுக் இந்தான் பையன் தாளு அதுலதான் இருக்கு. அது ஒண்ணு போயிருந்தாக்கூட இந்தக் காத்து என்னன்னு மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

ஒரு புள்ளியைப் பற்றி இரண்டு மனிதர்கள் சண்டை போடலாம் என்பதே அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அதற்கு அவர் காட்டியது ஒரு கீறலும் இல்லாத உலகம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாளே செயலகத்துக்குப் போனோம். ஒதுக்கி வைத்த தாள்களை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். அங்கிருந்த இளைஞர் மரியாதையானவர், நாற்காலி போட்டார்.

“ஒன்பதாவது விதிப்படி மூணாவது ஆளு படிக்கணும், தம்பி,” என்றேன் நான்.

“படிச்சாச்சு சார். மெஷின்ல இருக்கறதே சாரோட பார்வைதானே? மறுபடி சார்கிட்டயே குடுத்தா ஒரே ஆளு ரெண்டு தடவை பார்த்த மாதிரி ஆயிடும். அதான் மூணாவது படிப்பு முடிஞ்சதா எடுத்துக்கிட்டோம்.”

“நான் படிக்கலையே தம்பி,” என்றார் வாத்தியார்.

“சிஸ்டத்துல படிச்சதாத்தான் சார் காட்டுது.”

என் பணிக்காலத்தில் எத்தனையோ விளக்கங்களைக் கேட்டிருக்கிறேன், சிலவற்றை நானே எழுதியும் இருக்கிறேன். ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து நான் செய்யவில்லை என்று சொல்லும்போதே அவர் செய்துவிட்டதாகப் பதிவு இருக்கும் நேர்த்தியை அன்றுதான் பார்த்தேன்.

வாத்தியார் தாள்களை மேசைமேல் வைத்தார். “இதையும் அதுக்குக் காட்டுங்க தம்பி.”

“இந்த வருசத்துக்கு மூடியாச்சு சார். அடுத்த வருசம் கண்டிப்பா சேர்த்துக்கலாம்.”

“அந்தப் பிள்ளைக்கு அடுத்த வருசம் இல்ல.”

இளைஞர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். மேல்முறையீடு எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

எழுதுவது என் வேலை. எந்த விதி, எந்தப் பத்தி, யாருக்கு நகல் என்று எல்லாவற்றையும் போட்டு ஒரு பக்கத்தில் முடித்தேன். வாத்தியார் படித்துவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ‘இத்தவறு இயந்திரத்தினுடையது அன்று, என்னுடையது.’ வேண்டாம் என்றேன். மேல்முறையீட்டில் அப்படி ஒரு வரி இருந்தால், பதில் எழுதுகிறவர் மற்ற எல்லா வரியையும் விட்டுவிட்டு அந்த வரியில் போய் வசதியாக உட்கார்ந்துகொள்வார். இது அனுபவம்.

“இருக்கட்டும்ண்ணே. உண்மைதானே,” என்றார். வரி இருந்தது.

விடுதியின் நேர்முகம் வந்துவிட்டது, பதில் வரவில்லை. அன்று காலை வாத்தியார் என்னோடு பள்ளிக்கு வந்து, பிள்ளையின் அறிக்கையைக் கேட்டு வாங்கினார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“அது செல்லாது, வாத்தியாரே. உங்களுக்கு அந்த அதிகாரம் இல்ல.”

“தெரியும்ண்ணே.”

“ரூலர் வேணுமா சார்?” என்று டீச்சர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

“வேணாம் டீச்சர்.”

அச்சிட்ட நிலையை அடித்தார். பேனா நடுவில் தடுக்கி, கோடு மேலே ஏறி இறங்கியது. பக்கத்தில் மேல்நிலை என்று எழுதி, கையொப்பமிட்டு, தன் பெயரையும் பதவியையும் எழுதினார். எழுதி முடித்த பிறகும் அந்தத் தாளைக் கையிலேயே வைத்திருந்தார். பிள்ளையின் அப்பா வாசலில் லோரியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அவரிடம் கொடுக்கும்போது, “மடிக்காம எடுத்துட்டுப் போங்க” என்றார்.

நாங்களும் விடுதிக்குப் போனோம். வார்டன் அம்மா நல்லவர். பிள்ளையிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, எங்களை உள்ளே கூப்பிட்டார்.

“எனக்கு இந்தப் பிள்ளைய எடுக்கணும் சார். பத்து நிமிசம் பேசுனேன், என் விடுதிப் பைப்பு ஏன் ஒழுகுதுன்னு சொல்லிட்டா. ஆனா இத பாருங்க.” நிபந்தனைத் தாளைத் திருப்பிக் காட்டினார். ‘அடித்தல் திருத்தல் உள்ள அறிக்கைகள் ஏற்கப்பட மாட்டா.’ “நான் வாங்கினாலும் மேல வாங்க மாட்டாங்க. சுத்தமான அறிக்கை ஒண்ணு கொண்டு வாங்க.”

“பதில் வந்துடும்மா,” என்றார் வாத்தியார்.

“பள்ளி தொறந்தாலும் பொங்கல் வரைக்கும் அந்தக் கட்டில யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாது சார். வரிசைல பிள்ளைங்க நிக்குது.”

வெளியே பிள்ளையின் அப்பா கேட்டார்: “ஒரு சைபருக்கா சார் இவ்வளவு சூசா, இவ்வளவு அலைச்சல்?”

வாத்தியார் பிள்ளையின் தலையில் கை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் செயலகத்துக்குப் போனார். சில வாரம் நானும் போனேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பரிசீலனை என்பது தாள் ஒரு மேசையில் இருக்கிறது, எந்த மேசை என்று தெரியாது என்று பொருள். அதை அவருக்கு நான் விளக்கவில்லை. சனிக்கிழமைகளில் கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் பேச்சு அந்தத் தாள்களைப் பற்றித்தான். ஒதுக்கி வைத்த அடுக்கை இப்போது ஒவ்வொன்றாக எடுத்து முழுவதும் படிப்பதாகச் சொன்னார்.

“பிள்ளைங்க என்னென்னமோ எழுதியிருக்குண்ணே,” என்றார் ஒருநாள். “ஒருத்தி எழுதியிருக்கா, நிழல் மதியானத்துல ஏன் சின்னதாயிடுதுன்னு கேட்டதுக்கு, எங்க தோட்டத்துல மதியானம் யாரும் நிக்க மாட்டாங்க அதனால நான் பார்த்ததில்லன்னு. நான் சைபர் போட்டிருக்கேன். டீச்சரும் சைபர்தான், ஆனா பக்கத்துல ‘நேர்மை’ன்னு எழுதி வெச்சிருக்காங்க. இத்தனை வருசம் அதைப் பார்க்கவே இல்ல.”

டிசம்பர் விடுமுறையில், மழை பெய்த ஒரு காலையில், குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த வாத்தியார் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள். உடலை எடுக்கும்போது டீச்சர் வந்திருந்தார். பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவரும் பாடவில்லை. பிள்ளையின் அப்பா லோரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்து, கடைசி வரைக்கும் தூக்கினார்.

பள்ளி திறந்தது. சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகள் போகும் இடைநிலைப்பள்ளியில் அந்தப் பிள்ளையைச் சேர்த்தார்கள், பதில் வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று. டீச்சர் செயலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார், நான் நேரில் போனேன். இளைஞர் எழுந்து நின்று வாத்தியாரின் மறைவுக்கு வருத்தம் தெரிவித்தார். கோப்பு மேலே போயிருக்கிறது என்றார். வார்டன் அம்மா ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, ஏதாவது வந்ததா என்று கேட்டார். பிறகு கூப்பிடவில்லை.

பதில் வாத்தியாரின் வீட்டு முகவரிக்கு, அவர் பெயருக்கு வந்தது. அவர் மனைவி பிரிக்காமல் வைத்திருந்து என்னைக் கூப்பிட்டார். ஆங்காங்கே நிறுத்தி, அவருக்கு விளங்கும்படி படித்தேன். மேல்முறையீடு ஏற்கப்பட்டது. விடையை ஓர் அதிகாரி முழுமையாகப் படித்திருக்கிறார். இரண்டு புள்ளி. மேல்நிலை. புதிய அறிக்கை இணைப்பில் இருந்தது.

“அப்ப அந்தப் புள்ளைக்கு எடம் கெடைச்சிருமாண்ணே?” என்று கேட்டார்.

கடிதத்தின் தலையில் இருந்த தேதி, வாத்தியார் உயிரோடு இருந்த ஒரு வாரத்தைச் சேர்ந்தது. அலுவலகங்களில் கடிதம் எழுதப்படும் தேதி ஒன்று, அது வந்து சேரும் தேதி ஒன்று. கணக்கில் வருவது இரண்டாவதுதான். பேனாவை எடுத்து உறையின் மேல் எழுதினேன். பெறப்பட்ட நாள்: பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம், வியாழக்கிழமை.